ஆழ்கடல் சிங்கிக்கு ஒரு ஜாதகம்

மாலை வேளையில் கோபாலபுரத்திலிருந்து காலாற நடந்து மெரினாவுக்குக் காற்று வாங்கப் போகிறவர்களுக்குச் சமுத்திரம் என்பது அலையும், படகும், தொடுவானத்தில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கப்பல்களுமே. அந்த நீர்ப்பரப்பின் அடியில், சூரிய கிரணம் எட்டாத ஆழத்தில், சேற்றிலும் இருளிலும் ஜீவிக்கும் சிறு ஜந்துக்களைப் பற்றி நாம் கேள்விப்படுவதெல்லாம், ஆழ்கடலில் புதிய உயிரினம் கண்டுபிடிக்கப்பட்டதாகப் பத்திரிகையின் மூலையில் எப்போதாவது வரும் நான்கு வரிச் செய்தியோடு சரி. வலையில் ஒரு விசித்திரப் பிராணி விழுந்தது, அதற்கு ஒரு விஞ்ஞானி பெயர் வைத்தார், காரியம் முடிந்தது என்று அதைப் படிக்கிறவர் எண்ணிக்கொள்வது இயல்பே. உண்மையில், வலையில் விழுந்த அன்றுதான் காரியம் தொடங்குகிறது. ஒரு மாதிரி சேகரிக்கப்பட்ட நாளுக்கும், அது புதிய இனமென்று அச்சேறும் நாளுக்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று பிரான்ஸ் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

வலையில் விழுந்த பிறகு நடக்கும் பரிசீலனை எத்தகையது என்பதற்கு நம்முடைய கடலிலேயே பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1872-ஆம் ஆண்டு, போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள ராஸ் தீவுக்குக் கிழக்கே, ஏறக்குறைய 500 மீட்டர் ஆழத்திலிருந்து வாரியெடுத்த சேற்றில், ஒரு சாண் நீளங்கூட இல்லாத சிங்கி இறால் ஒன்று அகப்பட்டது. ஆழ்கடல் ஆராய்ச்சியின் ஆரம்பமென்று உலகம் கொண்டாடும் ‘சாலஞ்சர்’ கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டதும் அதே 1872-இன் டிசம்பரில்தான். கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் உட்-மேசன் இந்த ஜந்துவைப் பரிசீலித்தார். ஐரோப்பியக் கடல்களில் கிடைக்கும் ‘நெஃப்ராப்ஸ்’ என்னும் சிங்கியை அது முதற்பார்வைக்கு ஒத்திருந்தது. ஆனால் அந்த ஐரோப்பியச் சிங்கிக்குப் பெரிய கரிய கண்கள் இருக்க, இதன் கண்களோ நிறமற்றுச் சிறுத்துப்போயிருந்தன. அதன் உணர்கொம்பின் அடியில் காணும் செதில் போன்ற தகடு இதற்கு அடியோடு இல்லை. இவ்வித பேதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, இது ஒரு புதிய இனம் மட்டுமன்று, ஒரு புதிய பேரினமே என்று நிர்ணயித்து, ‘நெஃப்ராப்சிஸ் ஸ்டூவர்ட்டி’ என்று அவர் நாமகரணம் செய்தார். ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை முதல் ஜப்பான் வரை அது பரவியிருப்பது பிற்காலத்து ஆராய்ச்சிகளால் தெரியவந்தது.

நிலப் பத்திரம் எழுதுகிறவர் நிலத்தின் அழகை வர்ணிப்பதில்லை. நாற்புற எல்லைகளைத்தான் சந்தேகமறக் குறிப்பிடுகிறார். உயிரின வர்ணனையும் அத்தகையதே. இறால், சிங்கி முதலியவை சேர்ந்த ஓட்டுடலிகளில் அரிசி அளவேயுள்ளவை ஏராளம். அவற்றின் தாடைகளையும் கால்களையும் நுண்ணிய ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, உருப்பெருக்கியின் வழியே பார்த்து, எந்தக் கணுவில் எத்தனை மயிர், எந்த விளிம்பில் எத்தனை முள் என்று வரைந்து, அதுவரை உலகில் வர்ணிக்கப்பட்ட நெருங்கிய இனங்கள் அனைத்தோடும் ஒப்பிட்டு, அவற்றில் எதுவும் இதுவன்று என்று நிரூபித்த பிறகே புதிய பெயருக்கு உரிமை பிறக்கிறது. மரபணு ஆராய்ச்சி இக்காலத்தில் பெருந்துணை. ஆனால் ஃபார்மலினில் இட்ட மாதிரியில் மரபணு சிதைந்துவிடுமாதலால், ஒரு பகுதியையாவது சாராயத்தில் காப்பது வழக்கம். சாராயத்திலோ நிறம் வெளுத்துவிடும். எனவே கப்பல் தளத்திலேயே புகைப்படம் எடுத்தாக வேண்டும். எந்த ஒரு மாதிரியை ஆதாரமாகக் கொண்டு பெயர் சூட்டப்பட்டதோ அதை ஒரு பொது மியூசியத்தில் வைத்துப் பாதுகாப்பது, பின்வரும் தலைமுறையினர் எவரும் போய்ச் சரிபார்ப்பதற்காகவே.

இந்தப் பொறுமையான வேலைக்கு இந்தியக் கடல்களில் நிலையான அடித்தளம் இட்டது, 1881-இல் பம்பாயில் கட்டப்பட்ட ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்னும் சர்வே கப்பல். 1888 முதல் 1892 வரை அதில் வைத்தியராகவும் இயற்கை நூலறிஞராகவும் இருந்த ஆல்ஃபிரட் அல்காக், ஆழ்கடல் இறால்களையும் சிங்கிகளையும் பற்றிய பட்டியலை 1901-இல் வெளியிட்டார். கப்பல் கொணர்ந்த ஜந்துக்களைச் சித்திரித்த ஏ.சி. சௌத்ரி, எஸ்.சி. மண்டல் என்னும் வங்காள ஓவியர்களின் பெயர்களை இன்று நினைப்பவர் சிலரே. ஆயினும் அவர்கள் வரைந்த படங்கள் இல்லையேல் அந்த வர்ணனைகள் பாதி ஊமையாகியிருக்கும். அல்காக் அந்தப் பட்டியலில் வர்ணித்த ‘ஹெட்டரோகார்ப்பஸ் உட்மேசனி’ என்னும் ஆழ்கடல் இறாலைக் கொல்லத்து விசைப்படகுகள் இன்று விற்பனைக்காகப் பிடித்து வருகின்றன.

1916-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் கல்கத்தா மியூசியத்தில் சேர்ந்த அந்தச் செல்வத்துக்கு வாரிசாயிற்று. அதன் கடல் உயிரியல் மையம், கோபாலபுரத்துக்கு வெகு தூரமில்லாத சாந்தோம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது.

இந்த வேலையால் லோகத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். மேரியானா அகழியில் ஆறாயிரம் மீட்டருக்குக் கீழே பிடிபட்ட ஓர் ஓட்டுடலியின் குடலில் பிளாஸ்டிக் இழை கிடந்ததால், 2020-இல் அதற்கு ‘யூரிதினஸ் பிளாஸ்டிகஸ்’ என்றே பெயரிட்டார்கள்; மனிதனின் குப்பை அவன் காணாத உயிரையும் எட்டிவிட்டதென்பது அதனால் சாஸ்திரத்தின் ஏட்டில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. நமக்கோ விஷயம் இன்னும் அருகில் இருக்கிறது. மத்திய இந்தியப் பெருங்கடலின் அடித்தளத்தில் கிடக்கும் உலோக உருண்டைகளை ஆராய்வதற்கென 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்தியா தனியுரிமை பெற்றிருக்கிறது. மூவரை ஏற்றிக்கொண்டு ஆறாயிரம் மீட்டர் இறங்கக்கூடிய ‘மத்ஸ்யா 6000’ என்னும் கலத்தைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி வருகிறது. அவ்வுருண்டைகளை நாளை வாரியெடுக்கத் துணிந்தால், அவற்றைச் சூழ்ந்த சேற்றில் வாழும் உயிர்கள் எவை, அவற்றில் வேறெங்கும் இல்லாதவை எவை என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை வேண்டும். பெயரும் வர்ணனையும் இல்லாத உயிர் அழிந்தால் அழிந்ததென்று சொல்லவும் சாட்சி இராது. ஆகையால், கலம் செய்யப் பல கோடி ஒதுக்கும் தேசம், அக்கலம் கொண்டுவரும் ஜந்துக்களின் முள்ளையும் மயிரையும் எண்ணி எழுதப் பயின்றவர்களுக்கும் உத்தியோகமும் சம்பளமும் தந்து ஆதரிப்பது, அந்த முயற்சியோடு சேர்ந்த கடமையே ஆகும்.