வரைகலை அட்டையின் மின்வழங்கல்

வரைகலை அட்டையின் மின்வழங்கல் என்பது, கணினியில் படிமங்களை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் வரைகலை அட்டைக்குத் தேவையான மின்திறனை அளிக்கும் ஏற்பாடு ஆகும். வீட்டில் விளையாட்டுகளுக்காகப் பயன்படுத்தப்படும் கணினியில் மிகுதியான மின்திறனை நுகரும் உறுப்பு பெரும்பாலும் வரைகலை அட்டையே. ஆகவே அட்டையைத் தரமுயர்த்தும்போது மின்வழங்கியின் கொள்திறனையும் கணக்கிடுதல் இன்றியமையாதது.

வரலாறு

1990களின் வரைகலை அட்டைகள் தமக்குத் தேவையான மின்சாரம் முழுவதையும் தாய்ப்பலகையின் செருகுவாயிலிருந்தே பெற்றன. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 5 5500 அட்டைக்குச் செருகுவாய் மின்சாரம் போதாமையால், வன்தட்டுக்குரிய மின்னிணைப்பி தனியாக வழங்கப்பட்டது. பின்னர் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் சீர்தரம் இதற்கெனத் தனி இணைப்பிகளை வரையறுத்தது.

மின்சாரம் வரும் வழிகள்

பேச்சு வழக்கில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி, 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றுகின்றது. வரைகலை அட்டை பெரும்பாலும் 12 வோல்ட் தடத்தையே பயன்படுத்துகின்றது. அட்டைக்கு மின்சாரம் வரும் வழிகளும் அவற்றின் உச்ச அளவுகளும் பின்வருமாறு:

- 16 தடச் செருகுவாய்: 75 வாட்
- 6 முனை இணைப்பி: 75 வாட்
- 8 முனை இணைப்பி: 150 வாட்
- 2022 இல் அறிமுகமான 16 முனை இணைப்பி: 600 வாட்

இவற்றுள் இறுதியானதில் 600 வாட் என்பது 12 வோல்ட்டில் 50 அம்பியர் ஆகும். அது ஆறு முனைகளில் பகிரப்படுவதால் ஒவ்வொன்றிலும் 8 அம்பியருக்கு மேல் பாய்கின்றது. இணைப்பி முழுமையாகச் செருகப்படாவிடில் தொடுமிடத்தின் தடை உயர்ந்து வெப்பம் மிகும். 2022 இன் இறுதியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைகள் சிலவற்றில் இணைப்பி உருகியதற்கு இது ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் இணைப்பியின் வடிவம் திருத்தப்பட்டது.

மின்திறனைக் கணக்கிடுதல்

எடுத்துக்காட்டாக, ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையின் வரையறுத்த நுகர்வு 170 வாட். ரைசன் 5 5600 போன்ற செயலி ஏறத்தாழ 76 வாட் வரை எடுக்கும். தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, விசிறிகள் ஆகியவற்றுக்கு 50 வாட் கொண்டால் மொத்தம் 296 வாட் ஆகின்றது. எனினும் என்விடியா இவ்வட்டைக்கு 550 வாட் மின்வழங்கியைப் பரிந்துரைக்கின்றது. அட்டையின் நுகர்வு நொடியின் மிகச்சிறு பகுதிக்குள் வரையறுத்த அளவைத் தாண்டி எழக்கூடும் என்பதே இந்த இடைவெளிக்குக் காரணம். அத்தகைய எழுச்சியைத் தாங்க இயலாத மின்வழங்கி தன் காப்பமைப்பால் நின்றுவிடும். விளையாட்டின் நடுவே கணினி திடீரென அணைவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

மின்வழங்கியின் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் நம்புதல் தவறாகும். பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் தடத்தின் அம்பியர் அளவைப் பார்க்க வேண்டும். 450 வாட் எனக் குறிக்கப்பட்ட மலிவான மின்வழங்கியில் அது 16 அம்பியர் மட்டுமே எனில், 12 வோல்ட்டில் கிடைப்பது 192 வாட்தான். மேற்கண்ட கணினிக்கு அது போதாது.

தரமுயர்த்தல் எப்போதும் கூடுதல் மின்சாரத்தைக் கோருவதில்லை. 2016 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 அட்டையின் நுகர்வு 120 வாட்; 2023 இல் வந்த, அதனினும் மிக விரைவான ஆர்டிஎக்ஸ் 4060 அட்டையின் நுகர்வு 115 வாட். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் அட்டைகளுள் பல, தனி இணைப்பி இன்றிச் செருகுவாயிலிருந்தே இயங்குகின்றன. பழைய அலுவலகக் கணினியை மேம்படுத்துவோருக்கு இவை ஏற்றவை.

உள்ளூர்ச் சூழல்

புதுச்சேரியின் உழவர்கரை போன்ற கடலோர நகரப் பகுதிகளில் மேலும் சிலவற்றைக் கருத வேண்டியுள்ளது. 2011 திசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இப்பகுதியில் கரையைக் கடந்தன. மின்வெட்டைச் சமாளிக்க வீடுகளில் யுபிஎஸ் வைப்பது வழக்கம். ஆனால் பரவலாக விற்கப்படும் 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் மட்டுமே தாங்கும். 296 வாட் எடுக்கும் கணினி, 80 விழுக்காடு திறனுள்ள மின்வழங்கி வழியே சுவரிலிருந்து 370 வாட் இழுக்கும். எனவே புதிய அட்டையைப் பொருத்தியபின், விளையாடும்போது மின்சாரம் நின்றால் யுபிஎஸ்சும் உடனே அணையக்கூடும். சேமிக்காத வேலை இழக்கப்படும்.

கடற்காற்றின் ஈரமும் உப்பும் இணைப்பிகளின் உலோகத்தை அரிக்கவல்லவை. கோடை வெப்பத்தில் அறை வெப்பநிலை உயர்வதால், பெட்டிக்குள் காற்றோட்டம் இருப்பதும் தூசியை அகற்றுவதும் தேவை. மூன்று முனைச் செருகியின் புவி இணைப்பு செயற்படாத வீட்டில் கணினிப் பெட்டியைத் தொட்டால் மின்னுணர்வு ஏற்படலாம். அதை மின்பணியாளர் கொண்டு சரிசெய்ய வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

- மின்சாரத்தைத் துண்டித்து, செருகியைக் கழற்றிய பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். மின்வழங்கியைத் திறக்கவே கூடாது; அதன் மின்தேக்கிகளில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும்.
- அட்டையின் நீளமும் தடிமனும் பெட்டிக்குப் பொருந்துமா என அளந்து பார்த்தல்.
- கழற்றக்கூடிய கம்பிவடங்களை ஒரு மின்வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றாதிருத்தல். மின்வழங்கிப் பக்க முனைகளின் வரிசைக்குப் பொதுச் சீர்தரம் இல்லை. தவறான வடம் உறுப்புகளை எரித்துவிடும்.
- வன்தட்டு இணைப்பியை 8 முனையாக மாற்றும் மலிவான மாற்றிகளைத் தவிர்த்தல்.

பயன்படுத்திய அட்டைகள்

எதெரியம் நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று அகழ்வு முறையைக் கைவிட்டதால், அதற்குப் பயன்பட்ட ஏராளமான அட்டைகள் பழம்பொருள் சந்தைக்கு வந்தன. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய அட்டையை வாங்குவோர், இணைப்பியில் கருகிய தடம் உள்ளதா எனப் பார்ப்பதும், முழுச் சுமையில் சிறிது நேரம் இயக்கிக் காண்பதும் நன்று.

மின்செலவு

சுவரிலிருந்து 350 வாட் எடுக்கும் கணினியில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் விளையாடினால் 1.05 அலகு மின்சாரம் செலவாகின்றது. 30 நாட்களில் இது 31.5 அலகுகள் ஆகும். சட்ட வீதத்திற்கு உச்சவரம்பு இடுவதன் மூலமும், இயக்கி மென்பொருளில் அட்டையின் மின்திறன் வரம்பைச் சிறிது குறைப்பதன் மூலமும் இச்செலவையும் வெப்பத்தையும் குறைக்க இயலும்.