கோலம் இல்லாத வாசல்

கார்த்திகை மழை ஓய்ந்ததும் கல்வராயன் மலையில் புல்லும் புதரும் இடுப்பளவு எழுந்து நிற்கும். வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக் கொல்லைக்கும் சாமைக் கொல்லைக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்தால் வேட்டியில் நாயுருவி விதை ஒட்டியிருக்கும். அதோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சிக்குஞ்சு ஒன்றும் ஏறியிருக்கலாம். ஆறு கால் உண்டு. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. பேச்சுவழக்கில் ‘உண்ணிக் காய்ச்சல்’ எனப்படும் ஸ்கிரப் டைபஸைப் பரப்புவது இந்த வகைப் பூச்சிதான். மாட்டின் காதில் தொங்கும் உண்ணி வேறு, இது வேறு. மண்ணில் வாழும் இது, தன் வாழ்நாளில் குஞ்சாக இருக்கும்போது மட்டுமே எலியையோ மனிதனையோ கடிக்கும்.

கடித்தது தெரியாது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வரும். மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தால், விவரம் தெரிந்த மருத்துவர் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று தேடிப் பார்ப்பார். பீடி நெருப்பு சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று கண்ணில் பட்டால் பாதி விடை கிடைத்தமாதிரி. எல்லாருக்கும் அது இருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

இந்தக் காய்ச்சலுக்குக் காரணமான ‘ஓரியன்ஷியா சுட்சுகமுஷி’ பாக்டீரியா செல்லுக்கு வெளியே பெருகாது. ரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களுக்குள் புகுந்து அங்கேதான் பெருகும். ஆன்டிபாடிகள் தெருவில் ரோந்து போகும் காவலர்கள். பூட்டிய வீட்டுக்குள் அவை நுழைவதில்லை. எனவே உடல் ஒரு கடினமான முடிவை எடுக்கிறது: திருடன் புகுந்த வீட்டையே இடித்துவிடுவது. அந்த வேலைக்கென்று நம் ரத்தத்தில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. ஒன்று, கொல்லும் டி செல். மற்றொன்று, இயற்கைக் கொல்லி செல், சுருக்கமாக என்.கே. செல்.

எந்த வீட்டை இடிப்பது என்று இவற்றுக்கு எப்படித் தெரியும்?

நம் உடலில் கரு உள்ள செல் ஒவ்வொன்றும் தன் வாசலில் ஒரு கோலம் போட்டு வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தயாராகும் புரதங்களில் ஒரு பகுதியைச் செல் துண்டு துண்டாக வெட்டுகிறது. எட்டுப் பத்து அமினோ அமில நீளமுள்ள அந்தத் துணுக்குகளை ‘எம்.எச்.சி. 1’ என்ற தாங்கியில் ஏந்தி, மேற்பரப்பில் காட்டுகிறது. அதுதான் கோலம். உள்ளே கிருமி இருந்தால் அதன் புரதத் துணுக்கும் கோலத்தில் ஒரு புள்ளியாக வந்துவிடும்.

டி செல் அந்தப் புள்ளியைப் படிக்கிறது. 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் இருவரும் இதன் நுட்பத்தைக் கண்டார்கள். அந்நியப் புள்ளி மட்டும் இருந்தால் டி செல்லுக்குப் போதாது. அது நம் வீட்டுக் கோலத்துக்குள் இருக்க வேண்டும். 1996இல் இதற்காக இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஒரு டி செல்லுக்கு ஒருவகைப் புள்ளிதான் தெரியும். பொருத்தமான செல் எங்கோ ஒன்றிரண்டு இருக்கும். அது பெருகிப் படையாக எழ ஒரு வாரம் ஆகும்.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. கோலத்தையே அழித்துவிட்டால்? ஓரியன்ஷியா செய்வது ஏறக்குறைய அதைத்தான். அதன் புரதம் ஒன்று, எம்.எச்.சி. 1 உற்பத்தியை முடுக்கிவிடும் மனிதப் புரதத்தைச் சிதைத்து, செல்லின் மேற்பரப்பில் கோலத்தை மங்கச் செய்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2024இல் காட்டினார்கள். பல வைரஸ்களும் இதே தந்திரத்தைக் கையாள்பவை.

இங்கேதான் என்.கே. செல் வருகிறது. அது கோலத்தின் புள்ளிகளைப் படிப்பதில்லை. கோலம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. விடிந்து வெகுநேரமாகியும் ஒரு வாசல் வெறுமையாகக் கிடந்தால் ‘என்னவோ ஏதோ’ என்று தெருவே எட்டிப் பார்க்கும் அல்லவா, அப்படி. சுவீடனின் கிளாஸ் கார்ரே 1980களில் முன்வைத்த கருத்து இது. வெற்று வாசலோடு, செல் அல்லல்படும்போது வெளியே நீட்டும் சில புரதங்களும் தெரிந்தால் என்.கே. செல் துணிந்து இறங்கும். அதற்கு ஒரு வாரப் பயிற்சி தேவையில்லை. ஆயுதம் முன்பே கையில் இருக்கிறது.

அடையாளம் காணும் வழிதான் வேறு. ஆயுதம் இருவருக்கும் ஒன்றே. கொல்லும் செல் இலக்கோடு ஒட்டிக்கொண்டு இடைவெளியை இறுக அடைக்கிறது. உள்ளிருக்கும் நச்சுப்பைகள் அந்த ஒட்டிய பக்கமாக நகர்ந்து, இரண்டுக்கும் நடுவே திறந்து கொட்டுகின்றன. அவற்றிலுள்ள நஞ்சுகளில் ஒன்று பெர்ஃபோரின். பைக்குள் அமிலச் சூழலில் தூங்கிக் கிடக்கும் இது, வெளியே வந்து கால்சியத்தைத் தொட்டதும் விழித்து, வளையமாகக் கோத்துக்கொண்டு இலக்கின் சவ்வில் துளையிடும். துளையின் விட்டம் ஏறத்தாழ 16 நானோமீட்டர். தலைமுடித் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த வழியாகக் கிரான்சைம் என்ற நொதிகள் உள்ளே நுழைகின்றன.

கிரான்சைம் எதையும் வெடிக்க வைப்பதில்லை. செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் தற்கொலை இயந்திரத்தின் பொத்தானை அழுத்துகிறது, அவ்வளவே. பழைய ஓட்டு வீட்டைப் பிரிப்பவர்கள் ஓட்டை ஓரமாக அடுக்கி, உத்திரத்தைத் தனியாக இறக்குவதுபோல, செல் தன் டி.என்.ஏ.வைத் தானே துண்டாக்கி, உடலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைக்கிறது. மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் வந்து அள்ளிக்கொண்டு போகின்றன. பக்கத்து வீட்டில் புழுதிகூட விழாது.

துளையிடும் நஞ்சு கொட்டியவரையே துளைக்காதா? கொல்லும் செல்லின் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் பெர்ஃபோரின் அதில் எளிதாக ஒட்டுவதில்லை என்று மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2019இல் கண்டறிந்தார்கள்.

பெர்ஃபோரின் பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உண்டு. அந்த மரபணுக் குறை 1999இல் தெரியவந்தது. இவர்களின் கொல்லும் செல் இலக்கைப் பிடிக்கும், ஆனால் கொல்ல முடியாது. கொல்லாததால் பிடியையும் விடாது. பிடித்த பிடியில் அபாயச் சமிக்ஞைகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மேக்ரோஃபேஜ்கள் வெறிபிடித்து நல்ல ரத்தச் செல்களையே விழுங்கத் தொடங்கும். கடுமையான ஸ்கிரப் டைபஸிலும் சில நேரம் இதே போன்ற வெறியாட்டம் காணப்படுகிறது. ஆக, இந்தச் செல்களின் திறமை ஆவேசத்தில் இல்லை. சட்டென்று முடித்துவிட்டுக் கையை எடுப்பதில் இருக்கிறது.

முடித்தாலும் விலை உண்டு. இடிபடுவது ரத்தக்குழாயின் சுவர். கிருமி பரவப் பரவ இடிக்க வேண்டிய வீடுகளும் பெருகி, நுரையீரலிலும் மூளையிலும் குழாய்கள் கசியத் தொடங்கும். அதனால்தான் மருந்து சீக்கிரம் போக வேண்டும். பென்சிலின் வகை இதற்குப் பயன்படாது. செல்லுக்குள் நுழைந்து வேலைசெய்யும் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் வேண்டும். வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் கடும் நோயாளிகள் 794 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. மரணம், நீடிக்கும் சிக்கல், தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்றையேனும் சந்தித்தவர்கள், ஒற்றை மருந்து பெற்ற இரு பிரிவுகளிலும் 47–48 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதம்.

மருந்து கிருமியின் பெருக்கத்தை நிறுத்தினால், இடிக்க வேண்டிய வீடுகளின் எண்ணிக்கை குறையும். ஆகவே கொல்லைக்குப் போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் சட்டையைக் கழற்றி அக்குளையும் இடுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பொருக்கு இல்லாவிட்டாலும், புதருக்குள் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.