வாகோபா: மும்பையின் எல்லைச்சாமி

நாகரிகத்தோடு ஒத்துப்போகாத காட்டுச்சாமி ஒன்று மும்பை மாநகராட்சி எல்லைக்குள்ளேயே குடியிருக்கிறது. பெயர் வாகோபா. கோரேகாவ் பக்கம் ஆரே காலனியிலும் அதை ஒட்டிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் வாழும் வார்லி பழங்குடியினரின் தெய்வம். கல்லிலோ மரப்பலகையிலோ விலங்குருவம் ஒன்றைச் செதுக்கி, அதற்கு மேலே சூரியனும் சந்திரனும் வைத்து, செந்தூரம் அப்பியிருப்பார்கள். புலியா சிறுத்தையா என்று பிரித்துக் கேட்பதில் பயனில்லை, இரண்டும் அவர்தான்.

தாராவித் தமிழருக்கு இதில் அந்நியமாக ஒன்றும் இருக்காது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களுக்குத் துடியான எல்லைச்சாமியிடம் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் இருப்பதே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்தான். போதாததற்கு, தாராவியை உரசிக்கொண்டு மாஹிம் கழிமுகத்துக்குப் போகும் மித்தி ஆறும் வாகோபாவின் காட்டோரத்தில், விஹார், போவாய் ஏரிகள் நிரம்பி வழியும் இடத்தில்தான் தொடங்குகிறது.

வாகோபாவின் கதையைப் பல விதமாகச் சொல்கிறார்கள். அதில் ஒன்று இது. கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை. அவ்வப்போது புலியாக உருமாறி ஊர் ஆடுமாடுகளை அடித்துத் தின்றது. ஊரே கொல்லப் புறப்பட்டபோது தாய் குறுக்கே நின்று பேச்சுவார்த்தை நடத்தினாள். பிள்ளை காட்டோடு போய்விடுவான். பதிலுக்கு ஊரார் அவனுக்குக் கோயில் எழுப்பி, ஆண்டுதோறும் கோழியும் ஆடும் படைக்க வேண்டும். தீபாவளியை ஒட்டி வரும் வாக்பாரஸ் நாளில் அந்தப் படையல் இன்றும் நடக்கிறது. ஆக, இந்தச் சாமியை ஊருக்கு எதிரி என்பதைவிட, ஒப்பந்தத்தின் எதிர்த்தரப்பு என்பதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

ரம்யா நாயர், வித்யா ஆத்ரேயா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரையில் மும்பை, தாணே, பால்கர் வட்டாரங்களில் 150க்கும் மேற்பட்ட வாகோபா கோயில்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். கும்பிடுகிறவர்களுக்குப் பயம் இல்லை, இழப்பு இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. ஆடு போனால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த இழப்பைச் சொல்லி முறையிட ஓர் இடமும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு முறையும் இருக்கின்றன.

இனி சாமியின் வாகனத்தை, இல்லை, சாமியையே பார்ப்போம். பூங்காவின் பரப்பு சுமார் 104 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கமும் அடுக்குமாடிகளும் குடிசைகளும். 2015இல் தானியங்கிக் கேமராக்களை வைத்துக் கணக்கெடுத்தபோது பூங்காவிலும் ஆரே போன்ற சுற்றுப்பகுதிகளிலும் 35 சிறுத்தைகள் தெரிந்தன, 2018இல் 47. உலகிலேயே சிறுத்தைகள் நெருக்கமாக வாழும் இடங்களில் இதுவும் ஒன்று. அத்தனையும் எதைத் தின்று வாழ்கின்றன? காட்டில் புள்ளிமான், கடமான் உண்டு. காட்டோரத்தில் குப்பை, குப்பையைத் தேடி நாய், பன்றி. 2018இல் வந்த ஓர் ஆய்வு, இவற்றின் இரையில் சுமார் 40 விழுக்காடு நாய்களே என்று கணக்கிட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 நாய்கள் குறைவதால் சுமார் 1,000 நாய்க்கடிகள் தவிர்க்கப்படக்கூடும் என்று மதிப்பிட்டது. மனிதர் போடும் படையலில் கோழி, ஆடு. நகரம் தன்னையறியாமல் போடும் படையலில் தெருநாய்.

ஒப்பந்தம் முறிந்த காலமும் உண்டு. 2004இல் பூங்காவைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்டோர் சிறுத்தைகளால் இறந்தார்கள். வெளியிடங்களில் பிடித்த சிறுத்தைகளை இங்கே கொண்டுவந்து விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இதே வைத்தியம் மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் என்ன விளைவைத் தந்தது என்பதை ஆத்ரேயா குழுவினர் 2011இல் எழுதினார்கள்: ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த தாக்குதல்கள், சிறுத்தைகளைப் பிடித்து வேறு காட்டில் விடத் தொடங்கிய பிறகு 17 ஆயின. காரணம் புரியாததல்ல. சிறுத்தைக்குத் தன் எல்லை என்பது தண்ணீர், மறைவிடம், இரை, தவிர்க்க வேண்டிய மனிதர்கள் எல்லாம் மனப்பாடமான இடம். தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் எங்கே ஒளிவது என்றே தெரியாது. சும்மா இருந்துவிடவும் செய்யாது.

ஆஜோபா அதை நடந்தே காட்டியது. அகமதுநகர் மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த வயதான ஆண் சிறுத்தை அது. ‘தாத்தா’ என்ற பொருளில்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். 2009 மே மாதம் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி மால்ஷேஜ் காட் பகுதியில் விட்டதும் மேற்கே நடக்கத் தொடங்கியது. வழியில் நெடுஞ்சாலை, கசாரா ரயில் நிலையம், தொழிற்பேட்டை எல்லாம் இருந்தும் ஒரு மாதத்துக்குள் சுமார் 120 கிலோமீட்டர் கடந்து மும்பைப் பக்கத்துக் காட்டை அடைந்தது. வழியில் ஒருவரையும் தொடவில்லை. பெரும்பாலானோர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

சிறுத்தையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு மனிதர் பழக்கத்தை மாற்றும் வழிக்கு வனத்துறையும் இப்போது பெரும்பாலும் வந்துவிட்டது. 2011இல் நகரவாசிகளோடு சேர்ந்து தொடங்கிய பிரசாரத்தில் சொல்லப்பட்டவை எளிய விஷயங்கள்: குப்பையை அள்ளுங்கள், தெருவிளக்கு போடுங்கள், இருட்டில் குழந்தையைத் தனியே விடாதீர்கள், சிறுத்தையைப் பார்த்தால் கூட்டம் கூடி மடக்காதீர்கள். இதெல்லாம் போதும் என்று அடித்துச் சொல்ல முடியாது. 2022 தீபாவளி நாளன்று ஆரேயில் ஒரு பச்சைக்குழந்தையைச் சிறுத்தை தூக்கிப்போனது, குழந்தை பிழைக்கவில்லை. அந்த வீட்டாரிடம் போய் 1,500 நாய்க் கணக்கைச் சொல்ல எவருக்கும் வாய் வராது.

மறுதரப்பும் ஒப்பந்தத்தால் பிழைத்துவிடவில்லை. ஆஜோபா 2011இல் மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டு இறந்தது. இப்போது சஞ்சய் காந்தி பூங்காவின் காட்டுக்கு அடியிலேயே இரண்டு சாலைச் சுரங்கத் திட்டங்கள் வருகின்றன: கோரேகாவ்–முலுண்ட் ஒன்று, தாணே–போரிவிலி இன்னொன்று.