கடைமடைக் குரலும் ஒலிப்பதிவுக் கருவிகளும்

வேளாங்கண்ணிக்குச் சென்று வந்தவர்கள் அவ்வூரின் ஓசைகளை எளிதில் மறக்கமாட்டார்கள். ஒருபுறம் வங்கக் கடலின் ஓயாத இரைச்சல். மறுபுறம் பேராலயத்தின் மணியோசை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவின்போதோ, ஒலிபெருக்கிகளின் முழக்கமும் மக்கள் வெள்ளத்தின் ஆரவாரமும் தெருவெல்லாம் நிறைந்திருக்கும். இத்தனை ஓசைகளுக்கு நடுவே, தம் வீட்டு அறையொன்றில் ஹிப்ஹாப் பாட்டைப் பதிவு செய்ய விரும்பும் இளைஞர் எத்தகைய கருவிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

அப்பகுதியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவரை நான் அறிவேன். தாளம் பிசகாமல் சொற்களை அடுக்கிச் சொல்லும் திறமை வாய்ந்தவர். விடுமுறைக் காலத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் முழுவதையும் கொடுத்து, உயர்ந்த விலையில் ஓர் ஒலிவாங்கி வாங்கினார். பதிவு செய்து கேட்டபோது, அவருடைய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஒலித்தது. மின்விசிறியின் ஓசையும், தெருவில் சென்ற வண்டிகளின் சத்தமும் அதனோடு கலந்திருந்தன. "எனக்குப் பாட்டுக்கு ஏற்ற குரல் இல்லை" என்று முடிவு கட்டி, கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். குற்றம் குரலில் இல்லை, தேர்வில் இருந்தது. பணம் போனதைக் காட்டிலும் தன்னம்பிக்கை போனதே பெரிய இழப்பு அன்றோ?

ஹிப்ஹாப் கலை செல்வர் மாளிகையில் பிறந்ததன்று. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் பொது அறையில், கூல் ஹெர்க் என வழங்கப்பட்ட கிளைவ் காம்பெல் ஓர் இசை விருந்தினை நடத்தினார். பள்ளி திறப்பதற்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்டும் பொருட்டு அவருடைய சகோதரி ஏற்பாடு செய்த விருந்து அது. பாட்டின் நடுவே தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை, இரண்டு இசைத்தட்டுக் கருவிகளின் துணையால் நீட்டித்து ஒலிக்கச் செய்யும் முறையை அவர் வளர்த்தார். பின்னர் 1980இல் ஜப்பானிய நிறுவனமான ரோலண்ட், டி.ஆர்.808 என்னும் தாளப்பொறியை வெளியிட்டது. உண்மையான முரசைப் போல் அது ஒலிக்கவில்லை என்று பலரும் ஒதுக்கினர். 1983இல் அதன் உற்பத்தியும் நின்றது. பழைய பொருளாய்க் குறைந்த விலைக்கு வந்த அப்பொறியை இளங்கலைஞர்கள் வாங்கினர். அதன் ஆழ்ந்த முழக்கமே ஹிப்ஹாப் இசையின் அடையாளமாயிற்று.

தமிழிலும் இக்கலை நன்கு வேரூன்றியுள்ளது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்', கோயம்புத்தூரில் உருவான ஹிப்ஹாப் தமிழா இணையர் 2012இல் வெளியிட்ட 'ஹிப்ஹாப் தமிழன்', அறிவு 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆகியவை யாவரும் அறிந்தவை. ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2005இல் 'அருளர்' என்ற இசைத்தொகுப்பை அளித்தவர். அவர் தம் தொடக்ககாலப் பாடல்களை எம்.சி.505 என்னும் சிறிய இசைப்பொறியைத் துணையாகக் கொண்டே அமைத்தார். எளிய கருவி பெரிய குரலுக்குத் தடையாவதில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

இனித் தேர்வு முறைக்கு வருவோம். வேளாங்கண்ணி காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியில் உள்ளது. தலைமடையில் திறந்துவிடாத நீர் கடைமடைக்கு வந்து சேராது என்பதை அங்குள்ள உழவர்கள் நன்கு அறிவார்கள். ஒலிப்பதிவும் ஒரு பாசனமே. குரல் முதலில் அறையில் பரவுகிறது. பின் ஒலிவாங்கியில் புகுகிறது. அங்கிருந்து இடைமுகக் கருவி வழியாகக் கணினியை அடைகிறது. இறுதியில் செவிக்கருவியில் ஒலிக்கிறது. முதற்படியில் இழந்ததைக் கடைசிப் படியில் மீட்க முடியாது. நன்னீரில் கலந்த உப்பைப் பிரித்தெடுப்பது எவ்வளவு அரிதோ, குரலோடு கலந்த எதிரொலியைப் பிரித்தெடுப்பதும் அவ்வளவு அரிது. ஆகவே கருவிகளையும் இந்த வரிசையிலேயே எண்ணிப்பார்க்க வேண்டும்.

முதற்கருவி அறையே. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. இங்கோ அச்சுவரே நமக்கு இடையூறு. பூசிய சுவரும், காங்கிரீட் கூரையும், வழவழப்பான தரையும் ஒலியைத் திருப்பியடிக்கும். தடித்த பஞ்சு மெத்தைகளைப் பாடுபவரின் பின்புறமும் இருபுறமும் நிறுத்தினால் எதிரொலி பெரிதும் அடங்கும். கோரைப்பாய் மெல்லியது, கூர்மையான ஒலிகளில் சிறிதளவை மட்டுமே அது உறிஞ்சும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் வெளியோசை நின்றுவிடும் என்று சிலர் கருதுவது தவறு. வெளியோசையைத் தடுக்கக் கனமான கதவும், இடைவெளி அடைத்த சன்னலும் வேண்டும். அவை இல்லையெனில் ஊர் உறங்கும் வேளையைத் தேர்ந்தெடுப்பதே செலவில்லாத வழி. பதிவு செய்யும் சில நிமிடங்களுக்கு மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது ஒலிவாங்கி. இதில் இருவகை உண்டு. மின்தேக்கி வகையான கண்டென்சர் ஒலிவாங்கி மிக நுண்ணியது. அமைதியான அறையில் அது சிறந்து விளங்கும். ஆனால் அதற்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் 48 வோல்ட், மின்னழுத்தம் தேவை. ஈரக்காற்று அதன் உட்பகுதியில் படிந்தால் கரகர ஓசை எழுவதும் உண்டு. காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச்சுருளால் இயங்கும் டைனமிக் ஒலிவாங்கியோ உறுதியானது. அண்மையில் உள்ள குரலைப் பற்றிக்கொண்டு, தொலைவில் உள்ள ஓசைகளைப் பெரிதும் விட்டுவிடும். மைக்கேல் ஜாக்சன் 1982இல் வெளியிட்ட 'திரில்லர்' தொகுப்பில் அவருடைய குரலைப் பதிவு செய்ய இவ்வகை ஒலிவாங்கியே பெரிதும் பயன்பட்டது. கடலோரத்து வீட்டின் சாதாரண அறைக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

தமிழில் சொல்லிசை பாடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உள்ளங்கையை வாய்க்கு முன்னே வைத்துப் 'பம்பரம்' என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். பகரத்தைச் சொல்லும்போது காற்று கையில் மோதும். அக்காற்று ஒலிவாங்கியில் மோதினால் 'பொத்' என்ற ஓசை பதிவாகும். மெல்லிய துணி கட்டிய வளையம் ஒன்றை நடுவில் வைத்து, ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் நின்று, வாய்க்கு நேரே அன்றிச் சற்றுப் பக்கவாட்டில் ஒலிவாங்கியை அமைத்தால் இக்குறை நீங்கும்.

மூன்றாவது, குரலை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தரும் இடைமுகக் கருவி. குறுந்தட்டின் இலக்கணம் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட். அதாவது ஒலியின் அளவைக் குறிக்க 65,536 படிகள் உண்டு. 24 பிட் என்றால் அப்படிகள் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். ஆதலின் 24 பிட்டில் பதிவு செய்பவர், உரத்த சொல்லில் ஒலி உடைந்துவிடாதபடி அளவைச் சற்றுத் தாழ்த்தியே வைக்கலாம். ஒருவர் குரலுக்கு ஒன்றிரண்டு ஒலிவாங்கி வாயில்கள் உள்ள கருவியே போதும். டைனமிக் ஒலிவாங்கி தரும் மின்குறி மெலிந்தது. அதனை இரைச்சலின்றி உயர்த்தும் ஆற்றல் அக்கருவிக்கு உண்டா என்று மட்டும் பார்த்து வாங்குக. கணினி பழையதாயினும், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளால் குரலைப் பதிவு செய்யலாம், எல்.எம்.எம்.எஸ். என்னும் இலவச மென்பொருளால் தாளத்தை அமைக்கலாம்.

நான்காவதாக, பெரிய ஒலிபெருக்கிகளை முதலில் வாங்கும் ஆசையை அடக்க வேண்டும். இதற்கு இயற்பியல் காரணம் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. நொடிக்கு 50 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த முழக்கத்தின் அலைநீளம் 7 மீட்டர். அறையின் நீளம் அதிற் பாதியாகிய மூன்றரை மீட்டராக இருந்தால், அம்முழக்கம் சுவரோரத்தில் பெருத்தும் நடுவில் மெலிந்தும் கேட்கும். ஹிப்ஹாப் தாளத்தின் உயிரான ஆழ்முழக்கம் இந்த எல்லையில்தான் உள்ளது. நின்ற இடத்துக்கு ஏற்ப மாறும் ஒலியை நம்பி அளவை அமைப்பது எங்ஙனம்? காதை முழுதும் மூடும் செவிக்கருவி ஒன்று இத்தொல்லையைத் தவிர்க்கும். பாடும்போது தாளம் ஒலிவாங்கிக்குள் கசியாமலும் காக்கும். முடித்த பாட்டை நண்பரின் கைப்பேசியிலும், வாகனத்தின் ஒலிபெருக்கியிலும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்தல் நன்று.

நமது மின்னோட்டமும் நொடிக்கு 50 சுழற்சி கொண்டதே. நிலத்தொடர்பு சரியில்லாத வீட்டில் அதுவே 'உம்' என்ற ஓசையாகப் பதிவில் புகும். ஆகவே கருவி வாங்குமுன் மின்பணியாளரைக் கொண்டு நிலத்தொடர்பைச் சோதிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகை மாவட்டத்தைத் தாக்கியபோது, பல ஊர்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. உழைத்துச் செய்த பதிவுக்குப் படிகள் இரண்டு வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருத்தல் நலம். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும்; எனவே வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிவைக்க வேண்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். வீட்டாரின் பணம் ஒருபோக நெல்லின் விலையாக இருக்கலாம். ஒருநாள் மீன்பாட்டின் கூலியாகவும் இருக்கலாம். அதைச் செலவிடுமுன் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. கையிலுள்ள கைப்பேசியைக் கொண்டு, ஒரே அடியை வீட்டின் மூன்று இடங்களில், மூன்று வேளைகளில் பதிவு செய்து கேளுங்கள். எந்த இடம் நல்லது, எந்த ஓசை தொல்லை என்பதை அப்பதிவுகளே சொல்லிவிடும்.

நான் முன்னர்க் குறிப்பிட்ட மாணவர் அவ்வாறே செய்தார். இரவல் பெற்ற டைனமிக் ஒலிவாங்கியுடன், மெத்தைகளுக்கு நடுவே, விடியற்காலை நான்கு மணிக்குப் பாடினார். பதிவைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இது என் குரல்தானா?" என்று கேட்டார். ஆம், அது அவர் குரல்தான். அதை அவருக்கே கேட்கச் செய்யும் கருவி எதுவோ, அதுவே நல்ல கருவி.