மூட்டில் இருக்கிறது உயிர்!

மாத்தூரிலிருந்து விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்குடன் மணலிக்கும் எண்ணூருக்கும் புறப்படும் தோழர்களில், எஃகைப் பற்றவைத்துப் பிழைப்போர் உண்டு. அவர்கள் கையில் இருப்பது வெறும் வெல்டிங் ராடா? இல்லை, பலருடைய உயிர் என்கிறோம் நாம்!

எஃகு உத்தரத்தின் மேல் கான்கிரீட் தளம் வார்த்து, உத்தரத்தின் தலையில் நட்ட எஃகு முளைகளால் இரண்டையும் பிணைக்கிறார்கள். இழுப்பைத் தாங்க எஃகு. அழுத்தத்தைத் தாங்கக் கான்கிரீட். நல்ல கூட்டுத்தான். ஆனால் பூமி ஆடும்போது பெருஞ்சோதனை யாருக்கு? உத்தரமும் தூணும் கைகோக்கும் மூட்டுக்கு!

1994 ஜனவரி 17. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை நார்த்ரிட்ஜ் பூகம்பம் உலுக்கியது. ‘எஃகுக் கட்டடமன்றோ, நின்றுவிட்டது’ என்று மகிழ்ந்தார்கள். மேற்பூச்சை உரித்துப் பார்த்தபோதல்லவா தெரிந்தது, நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களில் மூட்டு வெல்டிங் வெடித்திருந்த சேதி! பெரும்பாலும் உத்தரத்தின் அடித்தகட்டில். மேல்தகட்டுக்குக் கான்கிரீட் தளம் துணை நின்றது. துணையற்ற அடித்தகட்டின் மேல் இழுப்பு கூடியது. போதாக்குறைக்கு, நடுத்தகடு குறுக்கே நிற்பதால் அங்கே வெல்டிங்கை நிறுத்தி நிறுத்திப் போட வேண்டும். சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17 அன்று, ஜப்பானின் கோபேயிலும் உத்தர முனைகள் முறிந்தன.

பாடம் கற்றார்கள். தூணுக்குச் சற்றுத் தள்ளி உத்தரத் தகட்டின் அகலத்தைக் குறைக்கும் முறையைக் கைக்கொண்டார்கள். வளைவதானால் அங்கே வளையட்டும், வெல்டிங் பிழைக்கட்டும்! வளைந்தால் மனிதன் தப்ப அவகாசம் உண்டு, முறிந்தால் ஏது?

‘சென்னைக்கு ஏது பூகம்பம்?’ என்பாரும் உளர். 2001 ஜனவரி 26 அன்று கட்ச்சில் எழுந்த அதிர்ச்சி, 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் அடுக்கு வீடுகளைச் சாய்த்தது. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் எழுந்த நடுக்கத்தைச் சென்னையும் உணர்ந்தது. 2002-இல் வந்த இந்தியத் தர விதி, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது.

ஆகவே நாம் கேட்கிறோம்: வெல்டருக்குப் பயிற்சி தருக! ஈரம் படாத ராடும், உறுதியான சாரமும், போதிய நேரமும் தருக! மூட்டை மூடுமுன் கருவி வைத்துச் சோதித்திடுக! ‘சீக்கிரம் முடி’ என்று விரட்டுவோருக்கு ஒன்று சொல்வோம்: பூச்சுப் பூசி மேலதிகாரியின் கண்ணை மறைக்கலாம், பூமியை ஏமாற்ற முடியாது!