படிப்பு வேறு, வாசிப்பு வேறு

எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் பாடப்புத்தகம்தான். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதாக யாரும் எண்ணியதில்லை. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா களையெடுக்கப் போகிறவர். அலங்காநல்லூரில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதில் அவர்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் நான் கதைப் புத்தகத்தை விரித்தால், "படிக்கிற நேரத்துல என்னத்தா கதை?" என்று அம்மா கேட்பார்.

இன்றைய மாணவர்கள் வாசிப்பதில்லை என்று மேடைதோறும் குறைப்படுகிறோம். கைப்பேசியின் மேல் பழியைப் போடுவது எளிது. கைப்பேசி வருவதற்கு முன்பும் எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் புத்தகம் இருந்ததில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

என் தம்பிக்குப் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித் தடுமாறுவான். "பத்தாவதோட நின்னுக்கிறேன்க்கா" என்று சென்ற ஆண்டு சொல்லிவிட்டான். எனக்குப் பகீரென்றது. அவனை வாசிக்க வைத்தே தீருவது என்று முடிவு செய்து, நூலகத்திலிருந்து 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை எடுத்து வந்தேன். 1950-இல் 'கல்கி' இதழில் தொடராக வரத் தொடங்கி, வாரம்தோறும் வாசகர்களைக் காத்திருக்க வைத்த கதையல்லவா? நாளுக்குப் பத்துப் பக்கம் என்று கணக்கு வைத்தேன். இரவில் கேள்வியும் கேட்டேன். நான்காம் நாள் புத்தகம் பரணுக்குப் போய்விட்டது. "நீயும் டீச்சர் மாதிரிதான்க்கா" என்றான்.

தவறு புத்தகத்தில் இல்லை, தம்பியிடமும் இல்லை. இதை எனக்குப் புரிய வைத்தவர் ஒரு கணித ஆசிரியர். நேரில் அல்ல; அவரைப் பற்றிப் படித்ததன் மூலம். கணிதம் பயிலும் நாம் அவரை அறிந்திருக்க வேண்டும். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அந்த வேலை முதலில் அவருக்குப் பிடிக்கவே இல்லையாம்! லண்டன் சென்று நூலகங்களைக் கண்டு வந்த பிறகே மனம் மாறினார். 1931-இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பயன்படுவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. அடுத்த இரண்டின் கருத்து: ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு.

இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். சிரிக்க வேண்டாம். நான் படித்த ஒரு பள்ளியில், கிழிந்துவிடும் என்ற அச்சத்தால் நூலக பீரோ பூட்டியே கிடந்தது. கண்ணாடி வழியே அட்டைகளைப் பார்த்துத் தலைப்புகளை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறேன். ரங்கநாதன் காலத்திலோ, அதே 1931-இல், மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு போனார்கள்! 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பின்னாலும் அவரது உழைப்பு இருந்தது.

தம்பிக்கு உரிய நூல் எது? அவனுக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். மாடு தெரியும். பாலமேடு, அவனியாபுரம், எங்கள் ஊர் என்று எந்த வாடியில் எந்தக் காளை எப்படிப் பாய்ந்தது என்று மணிக்கணக்கில் சொல்வான். அன்றைய மதுரை மாவட்டத்து வத்தலக்குண்டைச் சேர்ந்த சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நினைவுக்கு வந்தது. 1959-இல் நூலாக வந்த குறுநாவல். தன் தந்தையைக் கொன்ற காரிக் காளையை அணைய வரும் பிச்சியின் கதை. இம்முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

இரண்டே இரவில் முடித்தான். பிறகு சண்டைக்கு வந்தான். காளை நிற்கும் விதம், கொம்பை ஆட்டும் விதம், எது சரி, எது இன்று மாறிவிட்டது என்று ஒரே வாதம். சில பக்கங்களை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினான். "எழுதுனவரு நம்ம பக்கத்து ஆளாடா?" என்று அப்பா கேட்டார்.

தடுமாறிய நாக்கு எப்படி ஓடியது? 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். நன்றாகப் படிக்கக்கூடியவர்களாய் இருந்தும் ஆட்டம் அறியாதவர்களைவிட, படிப்பில் பின்தங்கியும் ஆட்டம் அறிந்தவர்களே அதை நன்கு புரிந்துகொண்டார்கள். பொருள் முன்னே தெரிந்தால் எழுத்து பின்னே வந்துவிடுகிறது. 1942-இல் நம் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி' டீக்கடைப் பெஞ்சுகளில் எத்தனை பேருக்கு வாசிப்பைப் பழக்கியிருக்கும்! அதில் 1960-இல் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதையை மட்டும் பார்க்கப் பேப்பரைப் பிடுங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. படக்கதை இலக்கியம் ஆகுமா என்று கேட்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. படிக்கட்டில் முதல் படியும் படிதானே.

ஆகவே, தம்பி தங்கை உள்ள நண்பர்களே, புத்தகத்தைக் கொடுத்த பிறகு கேள்வி கேட்காதீர்கள். பாதியில் மூடினால் மூடட்டும். நாமும் எத்தனையோ மூடியவர்கள்தாம். அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வந்தன. அந்தப் பெயர்களே எனக்குப் பிடித்துப் போயின. பறப்பவனை நடக்கச் சொல்வதும், நடப்பவனைப் பறக்கச் சொல்வதும் நாம்தான்.

அதே ஆண்டில் மதுரை புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்குத் தம்பியைக் கூட்டிப் போனேன். அத்தனை மாடிகளைக் கண்டு வாயிலிலேயே தயங்கினான். "உள்ள விடுவாங்களாக்கா?" என்றான். விட்டார்கள். மாலை வரை எழுந்திருக்கவில்லை.

அவன் ஒன்றும் முதல் மதிப்பெண் வாங்கிவிடவில்லை. ஆங்கிலத்தில் இன்னும் தோல்விதான். பத்தாவதோடு நிற்கும் பேச்சை மட்டும் சில மாதங்களாக எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்றிரவு பதினொரு மணிக்கு அவன் கையில் புத்தகத்தைக் கண்ட அம்மா, "அது பாடப்புத்தகமாத்தா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். விளக்கை அணைக்காமல் போய்ப் படுத்துக்கொண்டார்.