குத்தகைச் சிறைகளும் கணக்கேடுகளும்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறைச்சாலை என்பது அரசு நடத்திய நிறுவனமாக இருந்ததைவிட, வருவாய் தரும் சொத்தாகவே பெரும்பாலும் இருந்தது. ஜெயிலருக்கு அரசு சம்பளம் கிடையாது. உள்ளே வருவதற்கும், விலங்கைக் கழற்றுவதற்கும், கட்டிலில் படுப்பதற்கும், விடுதலையாகி வெளியேறுவதற்கும் கைதிகளிடம் வாங்கிய கட்டணமும், சிறைக்குள்ளேயே நடந்த மது விற்பனையுமே அவருடைய பிழைப்பு. கவுண்டி எனப்பட்ட ஆட்சி வட்டாரத்தின் சிறைக்குச் சட்டப்படி பொறுப்பாளர் ஷெரீஃப்தான் என்றாலும், ஓராண்டு மட்டுமே பதவி வகித்த அவருக்கு எந்தக் கைதியும் தப்பிவிடக் கூடாது என்பதே முதற்கவலையாக இருந்ததால், ஜெயிலரின் வரவு செலவைக் கேட்டறிய வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

லண்டனில் கடனாளிகளை அடைத்துவைத்த ஃப்ளீட் சிறையின் தலைமைக் காவலர் பதவியை 5,000 பவுண்டு கொடுத்து வாங்கிய ஜான் ஹக்கின்ஸ், 1728இல் அதே தொகைக்குத் தாமஸ் பேம்பிரிட்ஜ் தரப்புக்கு விற்றார். மார்ஷல்சீ சிறையையோ, அறை வாடகை வசூலிக்கும் உரிமையோடு சேர்த்து, ஆண்டுக்கு 400 பவுண்டுக்கு வில்லியம் ஆக்டன் என்ற கசாப்புக்காரர் குத்தகைக்கு எடுத்திருந்தார். போட்ட முதலைக் கைதிகளிடமிருந்தே மீட்கவேண்டிய ஏற்பாட்டில் கொடுமை தனிமனிதக் குணக்கேடு மட்டுமன்று, வணிகக் கணக்கின் விளைவும் ஆகும். கேட்ட பணத்தைத் தர இயலாத கட்டடக்கலைஞர் ராபர்ட் காஸ்டெல், பெரியம்மை பரவியிருந்த வீட்டில் அடைக்கப்பட்டு இறந்தபின், அவருடைய நண்பரான நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் ஓகல்தோர்ப் தலைமையில் 1729இல் விசாரணைக் குழு அமைந்தது. பேம்பிரிட்ஜும் ஆக்டனும் கொலை வழக்கைச் சந்தித்து, இருவரும் விடுதலையானார்கள்.

கட்டண அட்டவணையைச் சிறையில் தொங்கவிட வேண்டும் என்று 1759ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அது பெயரளவிலேயே நின்றது. 1773இல் பெட்ஃபோர்ட்ஷயரின் ஷெரீஃபான ஜான் ஹோவர்ட், குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றவர்களும் கட்டணபாக்கிக்காக மீண்டும் அடைக்கப்படுவதைக் கண்டு, ஜெயிலருக்குச் சம்பளம் வழங்குமாறு அவ்வட்டார நீதிபதிகளைக் கேட்டார். அவர்கள் முன்னுதாரணம் கேட்கவே, அதைத் தேடி அண்டைக் கவுண்டிகளுக்குக் குதிரையேறிப் போனவர், அங்கும் அதே அநீதியையே கண்டார். 1777இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒவ்வொரு சிறையின் கட்டணமும், ஜெயிலரின் வருமானமும், ரொட்டி அளவும், கைதிகளின் எண்ணிக்கையும் வரிசையாகப் பதிவாயின. உணர்ச்சி ததும்பும் வேண்டுகோளைவிட இந்த வறண்ட பட்டியலே ஆட்சியாளருக்கு மறுக்க முடியாததாயிற்று.

இதற்கிடையே, விடுதலையானவரின் கட்டணத்தைக் கவுண்டி வரிப்பணத்திலிருந்தே செலுத்த 1774ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. வரிப்பணம் நுழைந்த இடத்தில் தணிக்கையும் நுழைந்தது, ஏனெனில் அப்பணத்துக்குக் கவுண்டிப் பொருளாளர் நீதிபதிகளின் காலாண்டு அமர்வில் கணக்குக் காட்டியாக வேண்டும். 1784இல் ஜெயிலரின் மது வியாபாரம் தடைசெய்யப்பட்டது. க்ளஸ்டர்ஷயரில் ஜார்ஜ் ஒனெசிஃபரஸ் பால் முயற்சியால் 1791இல் திறக்கப்பட்ட புதிய சிறையில் நிர்வாகியும் மருத்துவரும் மதகுருவும் நாட்குறிப்பேடு எழுத, பார்வையிட வரும் நீதிபதிகள் அவற்றைப் படித்தறிந்தனர்.

ஆயினும் வரி விதித்தவர், செலவை ஒப்பியவர், சிறையைப் பார்வையிட்டவர் எல்லாரும் அதே உள்ளூர் நீதிபதிகள்தாம். அவர்களுக்கு வெளியிலிருந்து சிறைகளைச் சோதிக்கும் ஆய்வாளர்களை உள்துறை அமைச்சர் நியமிக்க வழிவகுத்த சட்டம் 1835இல்தான் வந்தது.